மிஸ் லிஸ்ட்ராவின் பக்கத்து சீட்

முன் சக்கரத்துக்குக் காலால் ஓர் உதை. குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. முன்விளக்குக் கண்ணாடியை மேல்கோட்டின் கைநுனியால் ஒரு துடைப்பு. அப்படியே வலப்பக்கம் வந்து, பின்பக்கம் போய், அங்கும் அதே உதை, அதே பார்வை. முழுச் சுற்று முடிந்து, புறப்பட்ட இடமான ஓட்டுநர் கதவுக்கே வந்து சேர்ந்த பிறகுதான் மிஸ் லிஸ்ட்ரா வண்டியில் ஏறுவார். அவர் ஓட்டுகிற மஞ்சள் பள்ளிப் பேருந்துக்கு இதைச் செய்தால் நியாயம், அது கம்பெனி விதி. அவர் செய்வது தன்னுடைய பழைய கொரோலா காருக்கு, அதுவும் மளிகைக் கடை வாசலில், கையில் வாழைக்காய்ப் பையோடு. அந்த இடத்துக்காகக் காத்திருக்கிற யாராவது ஹாரன் அடித்தால் இன்னும் நிதானமாகச் சுற்றுவார்.

போய்ச் சேர்ந்த பிறகு இன்னொன்று உண்டு. இன்ஜினை அணைத்ததும் திரும்பிப் பின்சீட்டைப் பார்ப்பார். பேருந்தில் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய், தூங்கிப்போன குழந்தை எதுவும் இறங்காமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். "யாராவது தூங்கறீங்களா?" என்று காலிச் சீட்டைக் கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால், "சிரிங்க. ஒரு நாள் ஒரு பிள்ளை இருக்கும், அன்னிக்கு நீங்கதான் என்னைக் கும்பிடுவீங்க" என்பார்.

கனடாவில், ஸ்கார்பரோவின் மால்வெர்ன் பகுதியில் இன்று தாடி வைத்துக்கொண்டு திரிகிற இளைஞர்களில் பாதிப் பேர் அவர் பேருந்தில் பால்பல்லோடு ஏறி இறங்கியவர்கள். இப்போதும் அவரை எதிரில் பார்த்தால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். பேருந்தில் அவர் போட்டு வைத்திருக்கும் சட்டம் அப்படி: "முதுகு சீட்டுல ஒட்டணும். காலு தரையில ஒட்டணும். வாய் எப்படியோ போகட்டும், அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அறுபத்தெட்டு வயதில் இன்னமும் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் பேருந்திலோ கொரோலாவிலோ ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைப் பற்றித் தானாகப் பேச்செடுக்க மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர் இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து வருவதைப் பார்க்க வேண்டும். மகன் டாரன் பக்கத்து ஊரான அஜாக்ஸிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனால், வழி நெடுக அம்மாவின் வலது கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே வரும். 

"அம்மா, அங்க பிரேக் இல்ல."

"இருந்திருந்தா இந்நேரம் நீ எனக்கு நன்றி சொல்லியிருப்ப."

கொரோலாவின் சாவியை இதுவரை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. டாரன் கேட்டு அலுத்துவிட்டான். மருமகள் ஒரு முறை, அவசரத்துக்கு, மருந்துக்கடை வரைக்கும் என்று கேட்டாள். "உக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று, காய்ச்சலோடு படுத்திருந்தவர் எழுந்து வந்தார்.

அதனால்தான், போன மே மாதம் ரொட்டிக் கடைக்குப் பக்கத்திலிருக்கிற இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குள் நுழைந்து, தன் வண்டிக்கு இன்னொரு ஓட்டுநரின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, முகவர் ஹீராலால் பெர்சாட் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். பெர்சாட் கயானாக்காரர், மிஸ் லிஸ்ட்ரா ட்ரினிடாட்காரர். இருவரும் சந்தித்தால் முதலில் எந்த ஊர்ச் சாப்பாடு உயர்ந்தது என்கிற சண்டை நடந்தாக வேண்டும். அன்று அதைக் கூட மறந்துபோனார்.

"யாரு, டாரனா?"

"அவன்கிட்ட நான் கடையில சாமான் தள்ளற வண்டியக் கூடக் குடுக்க மாட்டேன். என் அண்ணன். ஃபிட்ஸ்ராய். ஜூலைல ஊர்லேருந்து வராரு. ஆறு வாரம் இருப்பாரு."

"அட, விருந்தாளி. எப்பவாவது ஒரு நாள் நீங்களே அனுமதி குடுத்து ஓட்டச் சொன்னா, அதுக்குப் பேரு சேர்க்கவே வேண்டியதில்லையே."

"எப்பவாவது இல்ல. நான் எங்க போனாலும் அவருதான் ஓட்டணும். அவரு பேரு அதுல இருக்கணும்."

பெர்சாட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ் லிஸ்ட்ரா, பேரச் சேர்த்தா கதையையும் கேப்பாங்க. அண்ணனுக்கு வயசு என்ன?"

"எழுபத்தி மூணு."

"இந்தப் பக்கம் எப்பவாவது ஓட்டியிருக்காரா?"

"இதுதான் முதல் தடவை வராரு."

"சரிதான். அங்க ரோட்டுல இடது பக்கம், இங்க வலது பக்கம். அவரு கொண்டுபோய் எதுலயாவது இடிச்சார்னு வைங்க, அது உங்க பாலிசிலதான் ஏறும். கல்யாணப் புடவை மாதிரி ஒரு அழுக்குப் படாம வெச்சிருக்கீங்க. அது போயிடும்."

"போகட்டும்."

பெர்சாட்டுக்கு இது பிடிபடவில்லை. எத்தனையோ பேர் அவரிடம் வந்து விருந்தாளிகளின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். யாரும் 'போகட்டும்' என்று சொன்னதில்லை. மிஸ் லிஸ்ட்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க ஓட்டறப்போ உங்க வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்து என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவா. வெளிய பார்த்துக்கிட்டே வருவா. யார் வீட்டு வாசல்ல என்ன பூத்திருக்கு, யார் வேலிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான், எல்லாம் எனக்கு அவ சொல்லித்தான் தெரியும்."

"அதேதான். இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து நான் ரோட்டைத்தான் பார்த்திருக்கேன், பெர்சாட். ரோட்டோரத்தைப் பார்த்ததில்ல. ஒரே ஒரு கோடை காலத்துக்கு என்னை யாராவது கூட்டிட்டுப் போகணும். அதுக்கு இந்த உலகத்துல நான் நம்பற ஆள் ஒருத்தர்தான் இருக்காரு."

பெர்சாட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "லைசென்ஸ் நடப்புல இருக்கணும். இத்தனை வருஷம் ஒழுங்கா ஓட்டினாருங்கறதுக்கு அங்கேருந்து அத்தாட்சி வேணும். நான் எழுதறேன். ஆனா முடிவு பண்ணப்போறது கம்பெனி, நான் இல்ல." வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "உங்க ஊர் பெலாவை அவருக்கு சமைச்சுப் போடாதீங்க. சர்க்கரையைக் கருக்கிச் சோத்துல போடற ஊரு உங்க ஊரு ஒண்ணுதான்."

"கருக்கத் தெரியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் மிஸ் லிஸ்ட்ரா.

ஃபிட்ஸ்ராய் ட்ரினிடாட்டின் பிரின்சஸ் டவுனிலிருந்து சான் ஃபெர்னாண்டோவுக்குப் ஷேர் டாக்ஸி ஓட்டியவர். வாரம் முழுதும் ஊரார் ஏறி இறங்குகிற அந்த வெள்ளை டாட்சன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். விடிகாலையில் பெலா பானையைத் துண்டில் சுற்றிப் பின்சீட்டில் தம்பிகளின் காலடியில் வைத்துவிட்டு மயாரோ கடற்கரைக்குப் புறப்படுவார்கள். முன்சீட்டு லிஸ்ட்ராவுக்கு. அதை யாரும் கேட்கக் கூடாது, அண்ணன் உத்தரவு. வண்டி நகர்ந்ததும் லிஸ்ட்ரா செருப்பைக் கழற்றிவிடுவார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, தென்னை மரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வருவார். அண்ணன் எப்போது பிரேக் போட்டார், எங்கே திரும்பினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியும் இருக்கவில்லை. அந்தச் சுகம் என்னவென்று அப்போது தெரியவில்லை, உட்கார்ந்திருக்கும்போது யாருக்குத்தான் தெரிகிறது.

எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடு என்று பலமுறை கேட்டிருக்கிறார். அண்ணன் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். "உனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல."

இருபத்திரண்டு வயதில் லிஸ்ட்ராவை விமான நிலையத்துக்கு அண்ணன் கொண்டுவந்து விட்டார். கனடாவில் இறங்கிய இடத்தில் அண்ணன் இல்லை. முதல் குளிர்காலத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்று நின்று கால் மரத்துப்போன ஒரு காலையில், இனி தானே ஓட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார். கல்யாணம் ஆன பிறகாவது பக்கத்தில் உட்காரலாம் என்று நினைத்தால், வாய்த்த கணவருக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கை நடுங்கும். அவர் டாரனுக்கு நாலு வயதாகும்போது வேறு வாழ்க்கையைத் தேடிப் போய்விட்டார். அவரைப் பிரிந்தபோது கூட வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வீட்டில் கொண்டுபோய் விட்டது மிஸ் லிஸ்ட்ராதான். பனி பெய்துகொண்டிருந்தது, மனுஷனிடம் நல்ல கோட்டு இல்லை.

ஊருக்கு விடுமுறையில் போகிறபோதெல்லாம் மிஸ் லிஸ்ட்ரா செய்கிற ஒரு தவறு குடும்பத்தில் பிரசித்தம். அண்ணன் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்துவார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வலப்பக்கம் போய்க் கதவைத் திறப்பார். கனடாவில் அது பக்கத்து சீட், ட்ரினிடாட்டில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம். உள்ளே அண்ணன் உட்கார்ந்திருப்பார். "நீ ஓட்டப்போறியா, நான் இறங்கட்டுமா?" என்பார். வீடே சிரிக்கும். ஒவ்வொரு தடவையும் அதே தவறு, அதே கேள்வி, அதே சிரிப்பு.

பெர்சாட் கேட்ட அத்தாட்சிக்காக அண்ணன் மகன் கெர்வினைப் போனில் கூப்பிட்டார்.

"அத்தை, அப்பா ஓட்டறத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே. டாக்ஸிய வித்துட்டோம். இப்ப என் ஜீப்புலதான் எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போறேன். பின்னாடி சௌகரியமா காலை நீட்டி உக்காந்து வராரு."

"பின்னாடியா?"

"முன்னாடி உக்காந்தா, இங்க திரும்பு, அங்க மெதுவா போன்னு உயிரை வாங்கறாரு, அத்தை."

"உடம்புக்கு ஏதாவதா? கண்ணா?"

"கண்ணெல்லாம் பருந்துக் கண்ணு. நாங்கதான் போதும்னு சொல்லிட்டோம். ரொம்ப மெதுவா போறாரு, பின்னாடி வரவன் எல்லாம் திட்டறான். லைசென்ஸும் இந்நேரம் முடிஞ்சிருக்கும். அவர்கிட்ட அந்தப் பேச்ச எடுக்காதீங்க."

மிஸ் லிஸ்ட்ரா போனை வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது. கெர்வின் மேல் இல்லை, அவன் நல்ல பிள்ளைதான். வாழ்நாளெல்லாம் ஊரைச் சுமந்த மனிதரைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சௌகரியமாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்களே, அதன் மேல். லைசென்ஸ் இல்லையென்றால் பெர்சாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பெயர் சேர்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தார். பிறகு மனது கேட்காமல் அண்ணனையே கூப்பிட்டார்.

"அண்ணே, உன் லைசென்ஸு நடப்புல இருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

"இங்க வீட்டுல வந்து தங்கறவங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு இன்சூரன்ஸ்ல கேப்பாங்க. கனடாக்காரன் எல்லாத்தையும் கேப்பான்." முழுப் பொய் இல்லை. அதனால் குரல் நடுங்காமல் வந்தது.

அந்தப் பக்கம், அருகில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசுகிற குரல். "இருக்கு."

"கெர்வின் முடிஞ்சு போச்சுன்னான்."

"அவனுக்கு என்ன தெரியும். பிப்ரவரில போய்ப் புதுப்பிச்சுட்டு வந்தேன். டாக்டர்கிட்ட கண்ணக் காட்டி, வரிசையில நின்னு. அவன்கிட்ட சொல்லாத."

"வண்டியே இல்லியே அண்ணே. எதுக்கு?"

"சும்மாதான். சட்டைப் பையில ஏதாவது இருக்கணும்ல, லிஸ்."

மிஸ் லிஸ்ட்ரா அழுது பார்த்தவர்கள் மால்வெர்னில் யாரும் இல்லை. அன்றும் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் பெர்சாட்டை அவர் நிம்மதியாக இருக்க விடவில்லை. காலை ஓட்டம் முடிந்ததும் காலிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு நேரே அவர் அலுவலகத்துக்குப் போய் நிற்பார். கம்பெனி ஒரு முறை தயங்கியது. இன்னொரு முறை இரண்டு வருடம் ஓட்டாமலிருந்தது ஏன் என்று கேட்டது. "அவரு ஓட்டாம இல்ல, ஓட்ட விடாம இருந்தாங்கன்னு எழுதுங்க" என்றார் மிஸ் லிஸ்ட்ரா. பெர்சாட் அப்படி எழுதவில்லை, வேறு ஏதோ நாசூக்காக எழுதினார். ஜூன் கடைசியில், பள்ளிக்கூடம் மூடுகிற வாரம், அவரே கூப்பிட்டார்.

"சேர்த்தாச்சு. உங்க கொரோலாவுக்கு இப்ப ரெண்டு ஓட்டுநர். கட்டணம் கூடும்."

"கூடட்டும்."

"இடிச்சா..."

"தெரியும் பெர்சாட். அதை நூறு தடவை சொல்லிட்டீங்க."

சொன்னார் என்றாலும் பயம் இல்லாமல் இல்லை. கீறலைப் பற்றிய பயத்தை விட, அண்ணன் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயம். போதும் என்று நாலு பேர் சொன்ன பிறகு மனிதன் தானும் அதையே சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். ஆகவே அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல், அவர் ஓட்டத் தோதாக ஒரு திட்டம் போட்டு வைத்தார். வீட்டுக்கு எதிரே விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடத்து வண்டி நிறுத்தத்தில் முதலில் நாலைந்து சுற்று. பிறகு ஏரிக்கரை வரைக்கும் ஒரு வழி. எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்புவதுதான் புதிதாக வருகிறவர்களைத் திணற அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். இடது திருப்பமே இல்லாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கமே திரும்பித் திரும்பிப் போகிற ஒரு வழியை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

விமான நிலையத்தில் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆள் சற்றுச் சுருங்கியிருந்தார். மிஸ் லிஸ்ட்ரா கொரோலாவைச் சுற்றி முடித்து நிமிர்ந்தபோது, அண்ணன் ஏற்கெனவே பின்கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி உள்ளே உட்கார்ந்திருந்தார். முன்னால் வா என்று சொல்ல இவர் வாயெடுத்தார். அண்ணனின் முகத்தில் களைப்பைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நெடுஞ்சாலையில் மிஸ் லிஸ்ட்ராவே ஓட்டினார். பேச்சு கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"யாராவது தூங்கறீங்களா?"

அண்ணன் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு ஓர் ஆள் இருந்தார். எழுப்ப மனமில்லாமல் மிஸ் லிஸ்ட்ரா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. தெருவில் ஒரு வண்டி இல்லை. பெலா பானை துண்டில் சுற்றி, பின்சீட்டின் நடுவில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. மிஸ் லிஸ்ட்ரா முன் சக்கரத்தை உதைத்தார், குனிந்து பார்த்தார், விளக்கைத் துடைத்தார். இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன் படியிறங்கி வந்து பின்கதவில் கை வைத்தார்.

"அங்க பெலா உக்காந்திருக்கு. முன்னாடி ஏறு."

"பானைக்குப் பக்கத்துல எடம் இருக்கே."

"இடிச்சுக் கொட்டிருவ. முன்னாடி ஏறு அண்ணே."

பக்கத்து சீட்டில் உட்காரத்தான் அவர் முன்னால் போனார். பக்கத்து சீட் என்றால் அவருடைய ஊரில் இடப்பக்கம். இடப்பக்கக் கதவைத் திறந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். நிமிர்ந்தால் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங். கை இரண்டும் தானாக எழுந்து அதன் மேல் படிந்தன. மறுகணம் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அட, தப்பான பக்கம் ஏறிட்டேன். நீ சிரிக்காத லிஸ்." கதவின் கைப்பிடியைத் தேடினார். "இரு, இறங்கிடறேன்."

மிஸ் லிஸ்ட்ரா சிரிக்கவில்லை. சுற்றில் பாதி வந்திருந்தார், வலப்பக்கக் கதவுக்கு நேரே. பின்சக்கரங்களை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு அங்கேயே நின்று, கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"லிஸ், நானா? இந்த ஊர்லயா? போலீஸு..."

"உன் பேரு சேர்த்தாச்சு. மே மாசத்துலேருந்து அதுக்காகத்தான் அலைஞ்சேன்."

அண்ணன் சாவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். சீட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். அந்தக் கண்ணாடியை இதுவரை யாரும் திருப்பியதில்லை. இன்ஜின் உயிர் பெற்றது. வண்டி, பின்னால் வருகிறவன் திட்டும்படியான அதே மெதுவான வேகத்தில், எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக் காலி நிறுத்தத்தை நோக்கி நகர்ந்தது.

மிஸ் லிஸ்ட்ரா ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்தார். செருப்பைக் கழற்றினார். பிரேக் இல்லாத தரைவிரிப்பை இத்தனை காலம் மிதித்து வந்த வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டுக்கொண்டு, ரோட்டோரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.